பண்ணை ஊழியர்களுக்கென ஒரு நிதி: ஓர் அறநிறுவனத்தின் சேவையை ஓராண்டு பயன்படுத்திய பிறகு

கையில் பெரிய தொகை இல்லாத ஒரு சிறு குழுவும், ஏற்கெனவே பதிவுபெற்று இயங்கிவரும் ஓர் அறநிறுவனத்தின் நிழலில், தனக்குப் பிடித்த ஒரு நோக்கத்துக்கென்று தனி நிதி தொடங்கிக்கொள்ளச் சிங்கப்பூரில் வழி இருக்கிறது. அப்படியொரு வழி இருப்பது எங்களுக்கே வெகு நாள் தெரியாது. சுவா சூ காங் வட்டாரத்தில் வசிக்கும் பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பகுதிப் பண்ணைகளில் வேலை செய்யும் ஊழியர்களுக்காகச் சென்ற ஆண்டு ஒரு நிதியைத் தொடங்கினோம். வரவுசெலவைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஓராண்டு முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருப்பதால், அந்தச் சேவை எங்களுக்கு எப்படி அமைந்தது என்பதை இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறைகளையும் மறைக்காமல் சொல்லப்போவதால் அமைப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே போன்ற சேவையை வேறு அமைப்புகளும் தருகின்றன என்பதால், பெயரைவிட எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

ஏன் குறிப்பாகப் பண்ணை ஊழியர்கள் என்று எங்களிடம் பலர் கேட்டனர். நாம் உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான் வேளாண்மை நடக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்கும் இலக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்ற புதிய இலக்கு வந்தது. இவற்றைப் பற்றிய பேச்சில் விதை வருகிறது, விளக்கொளி வருகிறது, முதலீடும் நிலக்குத்தகையும் வருகின்றன. விடிவதற்கு முன் எழுந்து கீரையை அறுத்துக் கட்டுபவர் மட்டும் அதிகம் வருவதில்லை. கட்டுமான ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் தங்கும் விடுதிகளுக்குத் தொண்டூழியர்கள் போகிறார்கள், பண்டிகை நாளில் பொட்டலங்கள் போகின்றன. பண்ணைக்குள்ளேயே நான்கு பேர், ஆறு பேர் என்று தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

என் கண்ணில் ஒருவர் பட்டதற்குக் காரணம் கங்கோங் கீரைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை 975ஆம் எண் பேருந்தில் போய்ப் பண்ணையிலேயே கீரை வாங்கலாம் என்று நானும் என் தங்கையும் சென்றிருந்தோம். கீரையைக் கட்டித் தந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். நாள் முழுவதும் ஈரத்திலேயே இருந்ததால் அவருடைய விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. காலில் போட்டிருந்த ரப்பர் காலணியின் பக்கவாட்டுக் கிழிசலுக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். அதை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “தண்ணி உள்ள வரும்க்கா, பழகிருச்சு” என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் தங்கை அந்தக் காலணியைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தாள். எங்கள் நிதிக்கு வித்து அதுதான்.

முதலில் நாங்களே தனியாக ஓர் அறநிறுவனத்தைப் பதிவுசெய்யலாமா என்று யோசித்தோம். அதற்கு நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் வேண்டும். அவர்களில் இருவராவது குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். சங்கமாகப் பதிவதென்றால் குறைந்தது பத்து உறுப்பினர்கள் தேவை. ஆண்டறிக்கை, கணக்கறிக்கை, கூட்டக் குறிப்பு என்று அதன் பிறகு வரும் வேலையை எண்ணிப் பார்த்தால், மாதம் சில நூறு வெள்ளியை நான்கு பேரிடம் சேர்ப்பதற்காக அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டுவது பொருத்தமாகத் தோன்றவில்லை. 2008இல் தொடங்கப்பட்ட கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஆஃப் சிங்கப்பூர், கொடையாளர் தாமே பெயர் சூட்டி, எதற்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் நிதிகளை நடத்துகிறது. சிறந்த ஏற்பாடுதான், ஆனால், அதற்குக் குறைந்தபட்சத் தொகை 200,000 வெள்ளி. வசதி உள்ள குடும்பம், காலமான பெற்றோரின் பெயரில் ஒரு நிதி வைக்க நினைத்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாது. இணையத்தில் பொதுமக்களிடம் திரட்டுவதையும் எங்களில் சிலர் விரும்பவில்லை. ஒரு தனிமனிதரின் படத்தைப் போட்டு அவருடைய கஷ்டத்தை எழுதினால்தான் அங்கே பணம் சேர்கிறது, தம் கஷ்டத்தை முதலாளி படித்துவிடுவாரோ என்ற பயம் ஊழியருக்கு இருக்கிறது.

ஆகவே, வெளிநாட்டு ஊழியர் நலனில் ஏற்கெனவே ஈடுபட்டிருக்கும், ஐபிசி தகுதி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்பு என்ற தகுதி) பெற்ற ஓர் அமைப்பை அணுகினோம். அவர்கள் கேட்ட ஆண்டுத் தொகை 10,000 வெள்ளி. பதினான்கு குடும்பமும் மாதம் 60 வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 10,080 வெள்ளி சேர்ந்துவிடும். அதில் 5 விழுக்காடு, அதாவது 504 வெள்ளி, நிர்வாகச் செலவுக்கு என்றார்கள். அந்த 504 வெள்ளியைப் பற்றி எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஏழைக்குப் போகும் பணத்தில் கை வைப்பதா என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தத் தொகைக்கு அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் கண்ட பிறகு, அந்தக் கோபம் எங்களுக்குள் இல்லை.

நான் இந்தச் சேவையை மதிப்பதற்கு முதன்மைக் காரணம் முதல் சந்திப்பிலேயே நடந்தது. எங்கள் திட்டத்தை எழுதி எடுத்துப் போயிருந்தோம்: எல்லாருக்கும் நல்ல காலணி, மருத்துவச் செலவு, சம்பளம் தாமதமானால் கைச்செலவுக்குப் பணம். எதிரே இருந்த அதிகாரி அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நெடுகக் கோடு கிழித்து, ஒரு பக்கம் “முதலாளி தர வேண்டியது”, மறுபக்கம் “நிதி தரலாம்” என்று எழுதினார். பிறகு நாங்கள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காலணி இடப்பக்கம் போனது. பணியிடத்தில் பாதுகாப்புக்கு வேண்டிய பொருளைத் தருவது முதலாளியின் கடமை. மருத்துவமும் இடப்பக்கம், வேலை அனுமதியில் இருப்பவருக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பு முதலாளியுடையது, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், வேலையில் காயம் பட்டால் அதற்கென்று தனி இழப்பீட்டுச் சட்டமே இருக்கிறது. சம்பளமும் இடப்பக்கமே போனது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் முறையிட வழி உண்டு.

வலப்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னதன் சாரம் இது: முதலாளி தர வேண்டியதை நிதி தந்தால், ஊழியருக்கு இன்று ஒரு காலணி கிடைக்கும், அடுத்த காலணியை யாரும் தர மாட்டார்கள், பக்கத்துப் பண்ணைக்காரரும் நமக்கேன் செலவு என்று இருந்துவிடுவார். காலணி விஷயத்தை அமைப்பே எடுத்துக்கொண்டது. யார் சொன்னது என்று தெரியாதபடி, அந்த வட்டாரப் பண்ணைகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புப் பொருள்களைப் பற்றிய பொதுவான கடிதம் ஒன்றை அனுப்பி, பிறகு நேரிலும் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து நான் கீரை வாங்கப் போனபோது, அந்தத் தம்பியின் காலில் மஞ்சள் நிறத்தில் புதுக் காலணி இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் வந்தது என்றார். எங்கள் நிதியிலிருந்து அதற்கு ஒரு காசும் போகவில்லை. நாங்களாகவே வாங்கிக் கொடுத்திருந்தால் ஒரே ஒரு காலணிதான் வாங்கியிருப்போம்.

வலப்பக்கத்தில் கடைசியில் இடம்பெற்றவை: வீட்டில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால் ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு, படிப்பதற்கான கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்புக் கட்டணம், பண்ணை மூடப்பட்டு வேறு வேலை கிடைக்கும் வரை சாப்பாட்டுச் செலவு. கடைசியில் சொன்னது எங்களுக்குத் தோன்றவே இல்லை; அதிகாரிதான் நினைவூட்டினார். லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் தற்காப்புத் தேவைக்கு எடுக்கப்படும் என்று 2014இல் அறிவிக்கப்பட்டு, குத்தகைகள் சில முறை நீட்டிக்கப்பட்டதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பண்ணை மூடினால் முதலாளிக்கு நிலம் போகிறது, ஊழியருக்கு வேலையோடு தங்கும் இடமும் போகிறது. “பண்ணை ஊழியர்” என்றால் யார் என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது, பண்ணை மூடப்பட்டு மூன்று மாதம் ஆகாதவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே ஒரு வரி சேர்த்தார். முட்டைப் பண்ணை, ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன் பண்ணை ஆகியவற்றின் ஊழியர்களையும் உள்ளடக்கினார். ஒப்பந்தத்தின் இந்த ஒரு பத்திக்காகவே நிர்வாகச் செலவைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். எங்களில் பலர் இதைத் தமிழ் ஊழியர்களுக்கான நிதி என்றே நினைத்திருந்தோம். மொழி தெரிந்தவரிடம்தானே நாம் பேசியிருக்கிறோம், அவர் கஷ்டம்தானே நமக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஐபிசி தகுதியுள்ள அமைப்பு, ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் உரியதாகத் தன் உதவியைச் சுருக்கிக்கொள்ள முடியாது. சிறப்பு விலக்கு பெற்றவை தவிர, மற்றவை சிங்கப்பூர்ச் சமூகம் முழுவதற்கும் பயன்பட வேண்டும். அதை அதிகாரி சொன்னபோது இரண்டு குடும்பங்கள் விலகிக்கொள்ளலாமா என்று தயங்கின. எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அம்மா, “பந்தியில உட்கார்ந்தவன எந்த ஊருன்னு கேட்டா சோறு போடுறோம்?” என்றார். தயக்கம் அதோடு தீர்ந்தது. ஓராண்டில் உதவி பெற்ற பதினொரு பேரில் தமிழர் நால்வர். மற்றவர்கள் பங்ளாதேஷ், மியன்மார், சீனாவிலிருந்து வந்தவர்கள். ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர், முட்டை அடுக்கும் வேலையில் இருப்பவர்.

இனி, எங்களை வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். நிதி தொடங்கி ஆறாவது வாரத்தில் அந்தப் புதுக்கோட்டைத் தம்பியின் அப்பா இறந்துவிட்டார். இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. மறுநாள் திருச்சி விமானத்தில் போனால் எடுப்பதற்கு முன் முகத்தைப் பார்த்துவிடலாம். காலையில் அமைப்பின் அலுவலகம் திறந்ததும் அழைத்தேன். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழும் முதலாளியின் கடிதமும் இணைக்க வேண்டும், மாதம் ஒருமுறை கூடும் குழு அதைப் பரிசீலிக்கும் என்றார்கள். கிராமத்தில் ஒருவர் இறந்து, பதிவாகி, சான்றிதழ் கையில் வருவதற்குள் எத்தனை நாள் ஆகும் என்பது நம் ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் சான்றிதழுக்கு அலைய மாட்டார்கள். கடைசியில், உடன் வேலை செய்யும் ஐந்து பேர் ஆளுக்கு நூறு வெள்ளி போட்டு அவரை அனுப்பிவைத்தார்கள். அந்த ஐவரில் மூவருக்கு அவர் பேசும் மொழிகூடத் தெரியாது.

அதற்குப் பிறகும் இழுபறி நீடித்தது. கடனை அடைப்பதற்கு நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. சீட்டை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதால் இது கடன் என்று முதலில் மறுத்தார்கள். நான் இரண்டு முறை எழுதியும், ஒரு முறை நேரில் போயும் விளக்கிய பின் ஒப்புக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் திரும்பி வந்து, அதற்கும் பிறகுதான் 500 வெள்ளி வந்தது. ஐந்து பேரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது ஆறுதல். ஆனால், துக்க வீட்டுக்குப் போகும் கையில் அந்தப் பணம் இருக்கவில்லை. நேர்மையான அமைப்பு, அன்பான அதிகாரிகள், சரியான கணக்கு எல்லாம் இருந்தும், செய்தி வந்த இரவுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. இத்தகைய சேவையை எடைபோட நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

இதற்குப் பின் நாங்கள் கேட்டுப் பெற்றது ஒரு சிறு மாற்றம். 600 வெள்ளி வரையிலான அவசர உதவியை, குழு கூடும் வரை காத்திராமல், அமைப்பின் இரு அதிகாரிகள் சேர்ந்து கையெழுத்திட்டு அன்றே கொடுக்கலாம்; ஆவணங்களை முப்பது நாளுக்குள் கொடுத்தால் போதும்; சீட்டுக்கான பணம் நேரே பயண முகவருக்குப் போகும். அடுத்து வந்த இரண்டு மரணச் செய்திகளில் இந்த ஏற்பாடு உதவியது. மியன்மார் ஊழியர் ஒருவர் காலையில் செய்தி சொல்லி அன்று மாலையே புறப்பட்டுப் போனார். அமைப்பு தன் விதியை மாற்றிக்கொள்ள முன்வந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும், இப்படியொரு பிரிவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

மற்றக் குறைகள் இரண்டு. விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தொலைபேசியும் வாரநாள்களில் அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கப்படுகிறது. பண்ணை ஊழியருக்கு ஓய்வு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமையில்தான், அதுவும் சிலருக்குப் பாதி நாள். இதனால் நடைமுறையில் எங்களைத் தெரிந்தவருக்குத்தான் நிதியும் தெரிகிறது. ஒரு பொது நிதி இப்படி நடப்பது சரியில்லை.

பணக் கணக்கில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிர்வாகச் செலவு போக 9,576 வெள்ளி. அதில் பதினொரு பேருக்கு 6,940 வெள்ளி சென்றிருக்கிறது. மீதி 2,636 வெள்ளி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கப்பட்டுள்ளது. மூன்று பேருக்கு விமானச் சீட்டு, நால்வருக்குக் கண்ணாடி, இருவருக்கு வகுப்பு, பண்ணை மூடப்பட்ட இருவருக்கு இரண்டு மாதச் சாப்பாடு. ஒவ்வொரு காலாண்டிலும் பெயர் குறிப்பிடாமல் அறிக்கை வந்தது. பெயரைச் சொல்லாதது சரியான முடிவு. கொடுத்தவர்களுக்கு யார் வாங்கினார் என்று தெரிய வேண்டியதில்லை.

வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் அதிகம். ஐபிசி அமைப்புக்குத் தரும் தகுதிபெற்ற நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. ஒரு குடும்பம் ஆண்டுக்குத் தரும் 720 வெள்ளிக்கு 1,800 வெள்ளி வருமானத்திலிருந்து கழியும்; 7 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு அது 126 வெள்ளி மிச்சம். அடையாள அட்டை எண்ணை அமைப்பிடம் கொடுத்தால் போதும், கழிவு தானாகவே வரிக் கணக்கில் ஏறிவிடும். ஆனால், “இந்த ஆளுக்கே கொடுங்கள்” என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கொடுக்கும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. ஊரில் வெள்ளம், ஊரில் பள்ளிக்கூடம் என்று வெளிநாட்டு நோக்கங்களுக்குப் பொதுமக்களிடம் திரட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவிடப்பட வேண்டும் என்பது பொது விதி. எங்கள் குழுவில் ஒருவர், ஊழியர்களின் கிராமத்துக்கும் ஏதாவது செய்யலாமே என்று கேட்டபோது இதனால்தான் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மூன்றரை கொடுப்பேன். முதல் நாள் அந்தக் கோடு கிழித்த தாளுக்கும், ஒப்பந்தத்தில் எழுதிய அந்தப் பத்திக்கும், கணக்கின் தூய்மைக்கும் அந்த மூன்றரை. குறைத்த ஒன்றரையில் ஒன்று, அந்த இரவுக்காக, அரை, படிவத்துக்காக. மாதம் ஐம்பது, அறுபது வெள்ளி தரக்கூடிய பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, தனியாகச் சங்கம் பதியும் சுமை இல்லாமல் ஏதேனும் செய்ய விரும்பினால், இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம்.

நாங்கள் இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கிறோம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருப்பார் என்று அமைப்பு எழுத்தில் தந்திருக்கிறது. படிவத்தைத் தமிழில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்; வங்காள, பர்மிய, சீன மொழிகளில் பண்ணை ஊழியர்களே எழுதித் தந்தார்கள், வாசகங்களை அமைப்பு சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. அச்சாகி வந்ததும் முதல் படிவக் கட்டை 975ஆம் எண் பேருந்தில் எடுத்துப் போய்க் கீரைக் கொட்டகையில் வைக்க, அந்தத் தம்பி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவிக் காயவைத்திருப்பதாகச் சொன்னார்.